கூடம் கோணல், பேட் புதுசு

2010 மார்ச் 19 ராத்திரி டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்த சென்னை ரசிகர்கள் அந்த பேட்டை மறந்திருக்க மாட்டார்கள். டெல்லி கோட்லா மைதானம். சென்னை சூப்பர் கிங்ஸுக்காக மேத்யூ ஹெய்டன். அவர் கையில் பேட்டா, படகுத் துடுப்பா என்று சொல்ல முடியாத ஒரு வஸ்து. பிடி நீளம், அடிக்கிற பகுதி குட்டை. பெயர் மங்கூஸ், அதாவது கீரிப்பிள்ளை. 43 பந்துகளில் 93 ரன் அடித்துவிட்டுப் போனார் மனிதர். ஹெய்டனைப் பற்றிப் பேசியிருக்க வேண்டியவர்கள் எல்லாம் பேட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

கம்பெனி சும்மா இருக்குமா? கணக்கு கொடுத்தது. வழக்கமான பேட்டைவிடப் பிடி 43 சதவிகிதம் நீளம். பிளேடு 33 சதவிகிதம் குட்டை. அடியின் பலம் 20 சதவிகிதம் அதிகம். வீசும் வேகம் 15 சதவிகிதம் அதிகம். இந்த நான்கு எண்களையும் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். முதல் இரண்டையும் ஒரு டெய்லர் டேப் வைத்து நீங்களே அளந்துவிடலாம். அடுத்த இரண்டையும் எப்படி அளப்பீர்கள்? பலம் அதிகம் என்றால் யார் கையில்? ஹெய்டன் கையிலா, எட்டாம் வகுப்புப் படிக்கும் உங்கள் பையன் கையிலா? அளக்க முடிகிற இரண்டு எண்ணைச் சொல்லி, அளக்க முடியாத இரண்டு எண்ணை நம்பவைப்பது விளம்பரத்தின் பழைய வித்தை. நல்ல தக்காளியை மேலே அடுக்கி, அழுகினதை அடியில் போடுகிற கூடைதான் இது.

இப்போது நாம் ஒரு கணக்குப் போடுவோம். அதற்கு முந்தைய வருடம், 2009-ல், ஐ.பி.எல். தென்னாப்பிரிக்காவில் நடந்தது. ஹெய்டன் 12 ஆட்டங்களில் 572 ரன். அந்த வருடத்தில் அதிக ரன் அடித்தவருக்கான ஆரஞ்சுத் தொப்பி அவருக்குத்தான். கையில் இருந்தது வழக்கமான பேட். 2010-ல், கீரிப்பிள்ளை வந்த வருடத்தில், 16 ஆட்டங்களில் 346 ரன். அந்த 93-ஐக் கழித்துவிட்டால் மீதி 15 ஆட்டங்களில் 253.

நியாயமாகவே பேசுவோம். எல்லா ஆட்டத்திலும் எல்லாப் பந்துக்கும் அவர் அந்த பேட்டைப் பிடிக்கவில்லை. வயதும் 38 ஆகியிருந்தது. ஆகவே, ரன் குறைந்ததற்கு பேட்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதே நியாயப்படி, அந்த 93-க்கும் பேட்தான் காரணம் என்று யாரும் சொல்லக்கூடாது இல்லையா? விளம்பரத்துக்கு அந்த நியாயம் கிடையாது. அடித்தால் பேட், அவுட் ஆனால் ஆள்!

பேட்டின் தோள் பகுதியை வெட்டிவிட்டால் என்ன ஆகும் என்பது தெருவில் ஆடுகிற பையனுக்கும் தெரியும். நெஞ்சுக்கு எகிறி வருகிற பந்தைத் தடுக்க அங்கே மரமே இருக்காது. அடிக்க மட்டும்தான் அது. தடுத்து ஆட இல்லை. அதனால்தான் பெரிய ஆட்டக்காரர்கள் கையில் அது தங்கவில்லை. மூன்று வருடம் கழித்து, 2013 ஏப்ரல் 23-ம் தேதி, பெங்களூரில் கிறிஸ் கெய்ல் 66 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 175 அடித்தார். 17 சிக்ஸர். வழக்கமான வடிவத்து பேட்தான். கூடுதல் பலம் அவர் தோளில் இருந்தது.

மங்கூஸுக்கு ஒரு தாத்தா உண்டு. 1979 டிசம்பரில் பெர்த் டெஸ்டில் டென்னிஸ் லில்லி ஓர் அலுமினிய பேட்டோடு இறங்கினார். நண்பரின் கம்பெனிச் சரக்கு. அதில் அடித்த ஒரு பந்து மூன்று ரன்னோடு நின்றது. மர பேட்டாக இருந்தால் பவுண்டரி போயிருக்குமே என்று அவருடைய கேப்டன் கிரெக் சாப்பலே நினைத்து, வேறு பேட்டைக் கொடுத்து அனுப்பினார். பந்து கெட்டுப்போகிறது என்று இங்கிலாந்து கேப்டன் பிரியர்லி புகார் செய்ய, லில்லி கோபத்தில் அலுமினியத்தைத் தூக்கி எறிந்தார். அந்தக் காட்சி உலகம் பூராவும் பரவியது. அதைவிட நல்ல விளம்பரம் வேறென்ன வேண்டும்? 1980-ல் பேட்டின் பிளேடு மரத்தில்தான் இருக்க வேண்டும் என்று விதியே வந்து, கதை முடிந்தது.

* * *

'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்று நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. பாட்டிகள் அதைக் கேலிக்குச் சொன்னார்கள். இன்றைக்கு அதை வைத்து ஒரு தொழிலே நடக்கிறது. "ஆமாம் மேடம், உங்க கூடம் கோணல்தான். உங்க ஆட்டத்துல ஒரு குறையும் இல்லை. புதுசா ஒரு கூடம் வந்திருக்கு, 20 பர்சென்ட் நேரானது. இ.எம்.ஐ. வசதி உண்டு."

இது கிரிக்கெட்டோடு நிற்கவில்லை. நம்மில் பலர் பார்த்திராத ஓர் ஆட்டத்திலிருந்து உதாரணம் சொல்கிறேன். அங்கே இந்த வித்தை இன்னும் தெளிவாகத் தெரியும். மெரினாவில் பையன்கள் ஃப்ரிஸ்பீ தட்டு எறிந்து விளையாடுவதைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவில் அந்தத் தட்டை வைத்து கோல்ஃப் ஆடுகிறார்கள். டிஸ்க் கோல்ஃப் என்று பெயர். பூங்காவில் தூரத்தில் ஒரு கம்பம், அதில் சங்கிலி தொங்கும் கூடை. குறைந்த எறிகளில் தட்டைக் கூடையில் சேர்ப்பவர் ஜெயித்தார். அந்தக் கூடையை உருவாக்கியவர் எட் ஹெட்ரிக். 2002-ல் அவர் இறந்தபோது, அவர் விருப்பப்படியே அஸ்தியைக் கலந்து தட்டுகள் வார்த்தார்கள். அவ்வளவு பிரியம் அந்த ஆட்டத்தின் மேல்.

அருமையான, ஏழைக்கேற்ற ஆட்டம். ஒரு தட்டு இருந்தால் போதும். ஆனால் ஒரே ஒரு தட்டு விற்றால் கம்பெனி எப்படிப் பிழைக்கும்? ஆகவே பக்கத்துக்கு ஒரு தட்டு, தூரத்துக்கு ஒரு தட்டு, காற்றுக்கு ஒரு தட்டு என்று பை நிறையத் தட்டுகள். ஒவ்வொன்றும் 10, 20 டாலர். ஒவ்வொன்றுக்கும் நான்கு எண்கள். வேகம், மிதப்பு, எறிந்தவுடன் சாய்வது, கடைசியில் விலகுவது. வருடா வருடம் புது பிளாஸ்டிக், புது பெயர், சாம்பியன் கையெழுத்து அச்சடித்த ஸ்பெஷல் பதிப்பு. 2020-ல் கொரோனா சமயத்தில் மூடிய அரங்குகளுக்குப் போக முடியாத ஜனங்கள் பூங்காவுக்கு வர, இந்த வியாபாரம் கிடுகிடுவென்று ஏறியது.

அந்த முதல் எண்ணை மட்டும் பாருங்கள். வேகம் 14 என்று போட்ட தட்டைப் புதிதாக ஆட வருகிறவர் ஆசையாக வாங்குகிறார். ஏழாம் எண் தட்டைவிட இரண்டு மடங்கு தூரம் போகும் என்று நினைப்பு. எறிகிறார். போன வேகத்தில் இடது பக்கம் சாய்ந்து தரையில் குத்துகிறது. அந்த எண்ணின் அர்த்தமே வேறு. 'இந்தத் தட்டு இவ்வளவு வேகம் போகும்' என்பதல்ல அது. 'இவ்வளவு வேகமாக நீங்கள் எறிந்தால்தான் இது ஒழுங்காகப் பறக்கும்' என்பதுதான். அதாவது, தட்டு வேகத்தைக் கொடுப்பதில்லை, உங்களிடம் கேட்கிறது. கை வேகம் இல்லாதவருக்கு ஏழாம் எண் தட்டே அதைவிட நேராகவும் தூரமாகவும் போகும். இதை நல்ல பயிற்சியாளர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் 14-ஐ விற்கிறவர், "உங்களுக்கு இது வேண்டாம் சார், ஏழு போதும்" என்று சொல்வாரா?

சாம்பியன் எறிந்தால் 14 பறக்கிறதே என்றால், பறக்கும்தான். அவர் கையில் இருபது வருடம் இருக்கிறது. கடைக்காரர் அந்த இருபது வருடத்தைப் பில்லில் சேர்ப்பதில்லை. சேர்க்கவும் முடியாது.

* * *

"அப்படியும் புது மட்டை வாங்கினதும் என் ஆட்டம் நிஜமாகவே முன்னேறியதே சார்?" என்று நீங்கள் கேட்கலாம். முன்னேறியிருக்கும். ஏன் என்று யோசித்துப் பாருங்கள்.

நாம் எப்போது புதுச் சாமான் வாங்குகிறோம்? ஆட்டம் ரொம்ப மோசமாக இருக்கும்போதுதான். வரிசையாக நாலு டக் அடித்தவன்தான் பேட்டைச் சந்தேகிப்பான். மோசமான நாட்களுக்குப் பிறகு சுமாரான நாட்கள் தானாகவே வரும். சளி பிடித்த மூன்றாம் நாள் மந்திரித்த கயிறு கட்டினால், ஏழாம் நாள் சளி போய்விடும். கயிறு கட்டாவிட்டாலும் ஏழாம் நாள் போய்விடும். பெயர் கயிற்றுக்கு. போதாததற்கு, புது பேட் வந்த வாரம் நாம் தினமும் ஆடப் போகிறோம், பந்தை உற்றுப் பார்க்கிறோம். அந்த உழைப்பின் பலனும் பேட் கணக்கில் வரவாகிறது. மூன்றாம் வாரம் பழைய ஆட்டம் திரும்பி வந்ததும் அடுத்த மாடலுக்குக் கடைக்குப் போகிறோம்.

கயிறு என்றேன். அதுவும் விற்றது. பவர் பேலன்ஸ் என்று ஒரு ரப்பர் வளையம். நடுவில் மினுமினுக்கும் ஹோலோகிராம் ஸ்டிக்கர். கட்டிக்கொண்டால் உடம்புக்குச் சமநிலையும் பலமும் வரும் என்றார்கள். பெரிய பெரிய கூடைப்பந்து நட்சத்திரங்கள் மணிக்கட்டில் அது மின்னியது. ஆஸ்திரேலியாவில் ஏறக்குறைய 60 டாலர். கடையில் டெமோ வேறு. வளையம் இல்லாமல் கையைப் பிடித்து அமுக்குவார்கள், தள்ளாடுவீர்கள். வளையம் போட்டு அமுக்குவார்கள், நிற்பீர்கள். இரண்டாம் தடவை அமுக்கு வரும் என்று உங்கள் உடம்புக்கு முன்பே தெரியும், அவ்வளவுதான் விஷயம். 2010 டிசம்பரில் ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் பிடித்தபோது, தாங்கள் சொன்னதற்கு நம்பத்தகுந்த அறிவியல் ஆதாரம் இல்லை என்று கம்பெனியே ஒப்புக்கொண்டு, பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. 2011-ல் அமெரிக்கக் கம்பெனி திவால் மனு போட்டது. நம் ஊர் கோயில் வாசல் கயிறு பத்து ரூபாய். அது ஹோலோகிராம் இல்லாமலே வேலை செய்யாது!

அடுத்து ஷூ. ரீபாக்கின் ஈஸிடோன் ஷூ போட்டு நடந்தால் பின்புறத் தசைகள் 28 சதவிகிதமும், தொடை, கெண்டைக்கால் தசைகள் 11 சதவிகிதமும் அதிகம் உழைக்கும் என்று விளம்பரம். எவ்வளவு துல்லியம் பாருங்கள்! 27 இல்லை, 29 இல்லை, 28. அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் ஆதாரம் கேட்டது. 2011-ல் 2.5 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டார்கள். மறு வருடம் அதே மாதிரி விளம்பரங்களுக்காக ஸ்கெச்சர்ஸ் கம்பெனி கொடுத்தது 4 கோடி டாலர். நடந்தால் உடம்புக்கு நல்லது என்பது உண்மை. அந்த உண்மை இலவசமாகக் கிடைப்பதுதான் அவர்களுடைய பிரச்னை.

* * *

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். ஒரு சாமான் நிஜமாகவே உங்களை 20 சதவிகிதம் நல்ல ஆட்டக்காரர் ஆக்கும் என்றால், முதலில் அதை எதிர்ப்பது யார்? அந்த ஆட்டத்தை நடத்துகிறவர்கள்தான்.

1977-ல் டென்னிஸில் 'ஸ்பாகெட்டி' என்று ஒரு மட்டை வந்தது. இரட்டை அடுக்கு நரம்பு. பந்து எங்கே சுழலும் என்று எதிராளிக்குப் புரியவே புரியாது. களிமண் தரையில் தொடர்ந்து 53 ஆட்டங்கள் ஜெயித்துக்கொண்டிருந்த கில்லர்மோ விலாஸ், அந்த மட்டையோடு வந்த நஸ்டாஸேயிடம் இரண்டு செட் இழந்து, வெறுத்துப்போய் வெளியேறினார். மட்டைக்குத் தடை. அதே சமயத்தில் கோல்ஃபில் போலாரா என்ற பந்து, அதன் குழிகளின் அமைப்பால், வளைந்து போவதை உண்மையிலேயே குறைத்தது. பந்து எப்படி வைத்து அடித்தாலும் ஒரே மாதிரி பறக்க வேண்டும் என்று அமெரிக்க கோல்ஃப் சங்கம் புது விதி எழுதி அதை வெளியே தள்ளியது. நீச்சலில் 2008-ல் ஸ்பீடோவின் புது உடை வந்தது. மற்ற கம்பெனிகளும் பாலியூரித்தேன் உடைகளில் இறங்கின. 2009 ரோம் உலகப் போட்டியில் ஒரே மூச்சில் 43 உலக சாதனைகள். 2010 ஜனவரி 1 முதல் அந்த வகை உடைகளுக்குத் தடை. கிரிக்கெட் பேட்டுகள் தடித்துக்கொண்டே போனதால் 2017-ல் விளிம்பு 40 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு கட்டினார்கள். டிஸ்க் கோல்ஃப் தட்டின் விளிம்புக்குக்கூட 2.6 சென்டிமீட்டர் என்று வரம்பு உண்டு.

புரிகிறதா? அநியாயத்துக்கு வேலை செய்கிற சாமானை ஆட்டத்துக்குள் விட மாட்டார்கள். விட்டால் எல்லாரும் அதையே வாங்குவார்கள். அப்போது யாருக்கும் கூடுதல் லாபம் இல்லை. மர ராக்கெட் போய் கிராஃபைட் வந்தபோது டென்னிஸ் மாறத்தான் செய்தது. ஆனால் இரண்டு பக்கமும் கிராஃபைட் என்றால், ஜெயிப்பது மறுபடி கைதான். ஆக, 'எங்களுடையது மட்டும் 20 சதவிகிதம் அதிகம்' என்ற வாசகத்தோடு ஒரு சாமான் கடையில் சட்டப்படி தொங்குகிறது என்றால், ஒன்று அது பொய்யாக இருக்கும், இல்லையென்றால் சீக்கிரமே எல்லாரிடமும் இருக்கும். இரண்டிலும் உங்கள் காசுக்கு வெற்றி கிடையாது.

எந்தச் சாமானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஹெல்மெட் வேண்டும். பேடு வேண்டும். பையன் உயரத்துக்குச் சரியான, அவனால் தூக்க முடிகிற பேட் வேண்டும். காலைக் கடிக்காத ஷூ வேண்டும். இவையெல்லாம் அடிபடாமல் காப்பாற்றுபவை, ஆட இடைஞ்சல் இல்லாதவை. ஆடிக் கொடுப்பவை அல்ல. இந்த வித்தியாசம் தெரிந்தால் போதும்.

* * *

"போகட்டும் சார், அவங்க காசு, அவங்க வாங்குறாங்க. உங்களுக்கு என்ன?" என்று கேட்பீர்கள்.

எனக்கு ஒன்று இருக்கிறது. மாதச் சம்பளத்தில் பிடித்து வைத்து ஆயிரக்கணக்கில் பேட் வாங்கித் தருகிற அப்பாக்களைப் பாருங்கள். அதே பையன் படிக்கிற பள்ளியில் மைதானம் இருக்கிறதா? 2009-ம் வருடக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் அட்டவணையில் பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்று எழுதியிருக்கிறது. ஸ்கூல் பஸ் நிற்கிற சிமென்ட் முற்றத்தை மைதானம் என்று காட்டினால் நாம் கேள்வி கேட்கிறோமா? பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொண்டால் சண்டை போடுகிறோமா? மாட்டோம். கடைக்குப் போய்ப் புது பேட் வாங்குவோம். அந்த பேட் சுவரில் சாய்ந்து நிற்கும். பையன் அதே பேட்டை மொபைல் கேமில் பிடித்து ஆடிக்கொண்டிருப்பான். மைதானம் கேட்க வேண்டிய கோபத்தை பேட் வாங்கித் தீர்த்துக்கொள்கிறோமே, அதுதான் என் வயிற்றெரிச்சல்.

ஒரு பேட்டில் ஏமாந்த பையன் இன்னொன்றையும் தெரிந்துகொள்கிறான். '20 சதவிகிதம் அதிகம்' என்ற பேட் வந்தும் ரன் வரவில்லை என்றால், குறை தன்னிடம்தான் என்று நினைக்கிறான். பன்னிரண்டு வயதில் ஒரு பையன், 'எனக்கு ஆட்டம் வராது' என்று முடிவு கட்டுவதற்கு ஒரு பொய் எண் போதும். பில்லில் வராத நஷ்டம் இது.

விளம்பரத்தில் நடிக்கிற நட்சத்திரங்களுக்கும் இப்போது பொறுப்பு உண்டு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குத் தயாரிப்பாளருக்கும், அதைப் பரிந்துரைக்கிற பிரபலத்துக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. விசாரிக்காமல் பரிந்துரைத்த பிரபலத்தை ஒரு வருடம் வரை விளம்பரமே செய்யாதே என்று தடுக்கலாம். 1915 என்ற எண்ணுக்கு போன் போட்டுப் புகார் சொல்லலாம். சட்டம் இருக்கிறது. கேட்க ஆள்தான் குறைவு. ஒரு வேலை செய்யுங்கள். அடுத்த தடவை கடையில் பேட்டின் மேல் ஒரு சதவிகிதக் கணக்கைப் பார்த்தால், "இது யார் பரிசோதித்தது? எந்தப் பேட்டோடு ஒப்பிட்டு? பேப்பர் காட்டுங்க" என்று கேளுங்கள். விற்பவர் முகத்தைப் பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும்.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடிப் பழகிய ஒரு பையன், 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் ஒருநாள், டி-20, டெஸ்ட் என்று மூன்றிலும் இந்தியாவுக்காகக் களம் இறங்கினான். நடராஜன். பணமும் பேரும் வந்த பிறகு தன் ஊர்ப் பிள்ளைகளுக்கு அவர் என்ன செய்தார்? தன் பெயர் அச்சடித்த பந்தை விற்கவில்லை. 2023-ல் ஒரு கிரிக்கெட் மைதானம் அமைத்துக் கொடுத்தார். ஆட்டம் எங்கே இருந்து வருகிறது என்று அந்த மனிதருக்குத் தெரியும்.

கூடம் கோணல் என்று சொன்ன அந்தப் பெண்ணையும் நாம் ரொம்பக் கேலி செய்ய வேண்டாம். அவளுக்காவது ஆட ஒரு கூடம் இருந்தது. நம் பிள்ளைகளுக்கு அதை முதலில் கேட்டு வாங்குவோம். பேட் அப்புறம் பார்க்கலாம்.